இயந்திரத்தை ஐயுறும் பழமைவாதம்: நாளைய கட்சி ஒன்றைக் கற்பனை செய்வோம்

இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு பொதுத்தேர்தல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாடு என்பது முக்கியமில்லை. களத்தில் புதிதாக ஒரு பழமைவாதக் கட்சி நிற்கிறது. வரி, எல்லை, குடும்பம், மதம் என்று இத்தகைய கட்சிகள் வழக்கமாகப் பேசுபவை எல்லாம் அதன் தேர்தல் அறிக்கையில் பின் பக்கங்களுக்குப் போய்விட்டன. முதல் பக்கத்தில் இருப்பது செயற்கை நுண்ணறிவு. மனிதர் தீர்மானிக்க வேண்டியதை இயந்திரத்தின் கையில் கொடுக்கமாட்டோம் என்கிறது அந்தக் கட்சி.

கட்சி கற்பனைதான். ஆனால் அதைக் கட்டுவதற்கான கற்கள் ஏற்கெனவே சுடப்பட்டுவிட்டன. சில கற்களுக்கு இருநூறு ஆண்டு வயது. சில போன ஆண்டு சூளையிலிருந்து வந்தவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பழமைவாதம் என்றால் என்ன, அது ஏன் செயற்கை நுண்ணறிவைக் கண்டு தயங்கக்கூடும், அந்தத் தயக்கத்தில் எது நியாயம், எது ஆபத்து என்பது புதியவர்களுக்கும் விளங்கும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் 'பழமைவாதி' என்பது பெரும்பாலும் வசைச்சொல்லாகவே புழங்குகிறது. புதியது எதைக் கண்டாலும் முகம் சுளிப்பவர் என்றுதான் பொருள் கொள்கிறோம். அரசியல் சிந்தனையில் அதன் பொருள் வேறு. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த மறு ஆண்டில், 1790இல், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் அதைக் கண்டித்து எழுதினார். இந்தச் சிந்தனை மரபின் ஊற்று அந்த எழுத்து என்பார்கள். இவரே அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளுக்காகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாதாடியவர். இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னின்றவர். மாற்றமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. மாறுவதற்கு வழியில்லாத அரசு தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லாதது என்றே எழுதினார். அவர் அஞ்சியது வேறொன்றை. பல தலைமுறைகள் பட்டுத் தெரிந்து கட்டிய வீட்டை, ஒரு தலைமுறையின் அறிவுச் செருக்கு ஒரே நாளில் இடித்துவிடும் என்று அஞ்சினார். சமூகம் என்பது இன்று உயிரோடிருப்பவர்களின் ஒப்பந்தம் மட்டுமன்று, இறந்தவர்களும் இனிப் பிறக்கப் போகிறவர்களும் அதில் பங்காளிகள் என்பது அவர் வாதம்.

ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் 1929இல் சொன்ன ஓர் உவமை இதை இன்னும் எளிதாக்கும். பாதையின் குறுக்கே ஒரு வேலி நிற்கிறது. ஒருவர் வருகிறார், இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, பிடுங்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர் மறுக்கிறார்: எதற்கு என்று புரியாவிட்டால் பிடுங்க விடமாட்டேன், போய் யோசித்துவிட்டு வா, ஏன் வைத்தார்கள் என்று தெரிந்துகொண்டு வந்து சொன்னால் அப்போது பிடுங்க அனுமதிக்கலாம். வேலி எப்போதும் நிற்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி. புதிதாக வருபவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது பழமைவாதியின் விடை.

இந்த விடையைச் செயற்கை நுண்ணறிவின்மீது வைத்துப் பாருங்கள். நம் கற்பனைக் கட்சியின் முக்கால்வாசி அதிலேயே வந்துவிடும். இந்த இயந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பது அதற்குக் கேள்வியே இல்லை. எந்த முடிவு யார் கையிலிருந்து நழுவுகிறது? தவறு நடந்தால் அதைத் திரும்ப வாங்க முடியுமா? இவை இரண்டையும்தான் கேட்கும்.

இதில் ஆழமான ஒரு நூலிழை உண்டு. அறிவில் இரண்டு வகை என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் மைக்கேல் ஓக்ஷாட் 1947இல் ஒரு கட்டுரையில் எழுதினார். ஒன்று விதிகளாக எழுதி வைக்கக்கூடியது, புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். மற்றது செய்து செய்து கையில் ஊறுவது. ஆசானோடு கூட இருந்து மட்டுமே கற்க முடிவது. முதல் வகை மட்டுமே அறிவு என்று நம்புகிறவர்களால்தான் அரசியல் கெடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இரவுப் பணியில் இருக்கும் அனுபவமுள்ள செவிலியரை நினைத்துக்கொள்ளுங்கள். கருவிகள் காட்டும் எண்கள் எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் நோயாளியின் முகத்தில் ஏதோ ஒன்றைப் பார்த்து மருத்துவரை அழைப்பார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அவரால் சொல்லத் தெரியாது. இந்த அறிவை எந்தக் கோப்பிலிருந்து இயந்திரத்துக்கு ஊட்டுவது?

இந்த வாதத்தை இதோடு நிறுத்தினால் அது நேர்மையாகாது. இன்றைய கற்கும் இயந்திரங்கள் ஓக்ஷாட் சாடிய விதிப்புத்தகம் அல்ல. லட்சக்கணக்கான எடுத்துக்காட்டுகளைப் பார்த்து, எழுதப்படாத வடிவங்களையும் அவை பிடித்துக்கொள்கின்றன. ஏன் இந்த முடிவுக்கு வந்தாய் என்று கேட்டால் அந்தச் செவிலியரைப் போலவே அவையும் தெளிவாகச் சொல்ல முடியாமல் நிற்கின்றன. ஆக, இயந்திரத்துக்குக் கையறிவு வரவே வராது என்று நம் கட்சி மேடைபோட்டுப் பேசினால் விரைவில் தோற்றுப்போகும். அதன் வாதம் நிற்கக்கூடிய இடம் பொறுப்பு. செவிலியர் தவறு செய்தால் அவரைக் கேள்வி கேட்கலாம், அவர் வருந்துவார், வேலையை இழக்கக்கூடும், அந்த இரவை வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார். இயந்திரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. அதைச் செய்தவர், விற்றவர், வாங்கியவர், இயக்கியவர் என்று நால்வர் நிற்பார்கள். ஒவ்வொருவர் விரலும் அடுத்தவரைக் காட்டும். எனக்கு இந்தக் கட்சியின் வாதங்களிலேயே வலுவானதாகத் தோன்றுவது இதுதான்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. ஆஸ்திரேலியாவில் 2016 முதல் 2019 வரை, அரசு உதவி பெற்றவர்கள் கூடுதலாகப் பணம் வாங்கிவிட்டார்களா என்பதைக் கணினி கணக்கிட்டது. ஆண்டு வருமானத்தைச் சமமாகப் பகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று அது வைத்துக்கொண்டது. சில மாதங்கள் வேலை, சில மாதங்கள் வேலையின்மை என்று வாழ்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு அடியோடு பொய். ஆனால் கடன் உங்களுடையது, இல்லையென்றால் நீங்களே நிரூபியுங்கள் என்று கடிதங்கள் போயின. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர்மீது இல்லாத கடன் சுமத்தப்பட்டது. அந்தத் திட்டத்துக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று 2019இல் அரசு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2023இல் அரச விசாரணை ஆணையம் அதைக் கடுமையாகச் சாடியது. அங்கே ஓடியது செயற்கை நுண்ணறிவுகூட இல்லை, பள்ளிப் பிள்ளை போடும் வகுத்தல் கணக்கு. இடையில் இருந்த மனிதப் பார்வையை எடுத்துவிட்டதே கேட்டுக்குக் காரணம்.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டன. யாரைச் சந்தேகிக்கலாம் என்று கணினி போட்ட கணக்கில், ஒருவர் எந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருக்கிறார் என்பதும் ஓர் அளவுகோலாக இருந்தது. 2021 ஜனவரியில் அந்த அரசே பதவி விலகியது.

இந்த இரண்டு கதைகளிலும் பழமைவாதிகள் ஒன்றை மறக்கக் கூடாது. ஆஸ்திரேலியத் திட்டத்தைக் கொண்டுவந்து நடத்தியது அங்குள்ள வலதுசாரிக் கூட்டணி அரசு. மக்கள் வரிப்பணத்தை மிச்சப்படுத்துகிறோம் என்ற நல்ல பெயரில்தான் அது நடந்தது. இயந்திரத்தை எதிர்க்கும் நாளைய கட்சி, தன் முன்னோரின் இந்தக் கணக்கையும் தீர்க்க வேண்டியிருக்கும்.

இயந்திரத்தைக் கண்டு தயங்குகிறவர்களை இழிவுபடுத்த ஆங்கிலத்தில் 'லட்டைட்' என்று ஒரு சொல் உண்டு. லட்டைட்டுகள் எனப்பட்ட தொழிலாளர்களிடமிருந்து வந்த சொல் அது. அவர்களின் உண்மைக் கதை வேறு. 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியில் காலுறை பின்னுவோர் இரவில் பட்டறைகளில் நுழைந்து, பின்னல் இயந்திரங்களான தறிச்சட்டங்களை உடைத்தார்கள். அந்தத் தறிச்சட்டங்கள் அவர்களுக்குப் புதியவை அல்ல. 1589 முதலே இருந்தவை. அவர்களே அவற்றில் உட்கார்ந்து பிழைத்தவர்கள். அவர்கள் கோபமெல்லாம் மட்டமான துணியை வெட்டித் தைத்துச் சந்தையைக் கெடுத்த முதலாளிகள்மீதும், தொழில் பயிலாதவர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தியதன்மீதும்தான். தொழிலுக்கு ஒரு முறைமை இருந்தது. அது உடைகிறது என்றே பதறினார்கள். அரசு 1812இல் தறிச்சட்டம் உடைப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கவிஞர் பைரன் பிரபுக்கள் அவையில் தம் முதல் உரையிலேயே அந்த மசோதாவை எதிர்த்தார். மரபைக் காப்பாற்றக் கேட்டவர்கள் தூக்குமேடை ஏறினார்கள். அந்த மரபை உடைத்தவர்களை முன்னேற்றத்தின் தூதர்கள் என்றார்கள். படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கும் வரலாறு இது.

அதே நாட்டில் ஆலைகளின் கொடுமைக்கு எதிராக எழுந்த குரல்களில் டோரிகள், அதாவது அன்றைய பழமைவாதிகள், முன்வரிசையில் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆலைகளில் குழந்தைகள் படும் பாட்டை 1830இல் அடிமைத்தனம் என்றே எழுதிய ரிச்சர்ட் ஓஸ்ட்லர் டோரி. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் நாளுக்குப் பத்து மணி நேர வேலை என்ற 1847ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பல்லாண்டு போராடிய ஆஷ்லி பிரபுவும் டோரிதான். 1883இல் நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கிய ஜெர்மன் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க்கைப் புரட்சிக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1891இல் போப் 13ஆம் லியோ, தொழிற்புரட்சி உழைப்பாளியை என்ன செய்திருக்கிறது என்று சுற்றுமடல் எழுதினார். 2025 மே மாதம் பொறுப்பேற்ற புதிய போப் ஏன் 14ஆம் லியோ என்று பெயர் சூடினார்? கர்தினால்களிடம் அவரே விளக்கினார்: அந்த லியோ தொழிற்புரட்சியை எதிர்கொண்டார், இன்று செயற்கை நுண்ணறிவு அதுபோன்ற இன்னொரு புரட்சி. நம் கற்பனைக் கட்சிக்கு மூதாதையர் பஞ்சமில்லை.

சரி, அது ஆட்சிக்கு வந்தால் என்ன செய்யும்? சட்டங்களின் மாதிரிகள் இப்போதே பல இடங்களில் கிடக்கின்றன. ஒருவர் வாழ்க்கையைப் பாதிக்கும் முடிவை முழுக்க இயந்திரமே எடுக்கக் கூடாது என்ற உரிமை, சில விதிவிலக்குகளோடு, 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் இருக்கிறது. குடிமக்களுக்கு நடத்தை மதிப்பெண் போடும் இயந்திரங்களுக்கு அங்கே 2025 பிப்ரவரி முதல் தடை. ஜார்ஜா மெலோனியின் பழமைவாத அரசு ஆளும் இத்தாலி, 2025 செப்டம்பரில் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. 14 வயதுக்குட்பட்டவர்கள் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிறர் முகத்தையோ குரலையோ போலியாக உருவாக்கித் தீங்கு செய்தால் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. அமெரிக்காவில் குடியரசுக் கட்சி ஆளும் டென்னசி மாநிலம், இயந்திரம் ஒருவர் குரலைத் திருடுவதற்கு எதிராக 2024இலேயே சட்டம் கொண்டுவந்தது. இசைக்கலைஞர்கள் நிறைந்த மாநிலம் அது. குரல் அங்கே பலருக்குச் சொத்து.

குரல் திருட்டு அரசியலையும் தொட்டுவிட்டது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநில வாக்காளர்களுக்கு, அன்றைய அதிபர் ஜோ பைடன் குரலில் தொலைபேசி அழைப்புகள் வந்தன, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கப் போகாதீர்கள் என்று. பேசியது இயந்திரம்.

ஆனால் இத்தகைய கட்சி தனியாகச் சேர்க்கக்கூடியது, வேறு யாரும் அழுத்திச் சொல்லாதது, தொழில் கற்கும் ஏணி பற்றியது. இளம் வழக்கறிஞர் முதல் சில ஆண்டுகள் பழைய தீர்ப்புகளைத் தேடுகிறார். இளம் நிரலாளர் சிறு பிழைகளைத் திருத்துகிறார். இளம் மொழிபெயர்ப்பாளர் அலுப்பூட்டும் கையேடுகளைப் பெயர்க்கிறார். இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்வது இந்த வேலைகளைத்தான். இன்று இருக்கும் மூத்தவர்களுக்கு அதனால் வசதி. ஆனால் கீழ்ப்படிகளை வெட்டிவிட்டால் நாளைய மூத்தவர் எங்கிருந்து வருவார்? இயந்திரம் சொல்வது சரியா என்று பார்க்கத் தெரிந்த ஆளே இல்லாத ஒரு காலம் வந்தால்? இறந்தவர், இருப்பவர், பிறக்கப் போகிறவர் என்று பர்க் சொன்ன சங்கிலி அறுபடுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

செயற்கை நுண்ணறிவை ஐயுறும் எல்லோரும் பழமைவாதிகள் அல்லர். இடதுசாரிகள் கூலியையும் செல்வக் குவிப்பையும் பேசுகிறார்கள். சூழலியலாளர்கள் மின்சாரத்தையும் தண்ணீரையும் எண்ணுகிறார்கள். மனித இனமே அழியலாம் என்று 2023இல் அறிவியலாளர்கள் பலர் ஒற்றை வரியில் எச்சரித்துக் கையெழுத்திட்டார்கள். பழமைவாதியின் கவலை இவற்றோடு உரசினாலும் தனியானது: உலகம் அழியாமல் போனாலும், வாழும் முறைகள் சத்தமில்லாமல் கரைந்துபோகலாம் என்பது.

எதிர்த்திசையில் போகிறவர்களும் இருக்கிறார்கள். டென்மார்க்கில் 2022இல் தன் கொள்கைகளை இயந்திரத்தையே எழுத வைத்த ஒரு கட்சி தொடங்கப்பட்டது. அல்பேனியா 2025 செப்டம்பரில் அரசுக் கொள்முதலைக் கவனிக்க ஓர் இயந்திர 'அமைச்சரை' அறிவித்தது. இயந்திரம் லஞ்சம் வாங்காது என்பது அந்நாட்டுப் பிரதமரின் வாதம். ஊழலில் நொந்தவர்களுக்கு அந்த வாதம் இனிக்கும். அதை ஏளனம் செய்து தள்ளிவிட முடியாது.

நம் கட்சிக்குள்ளேயே ஒரு விரிசல் உண்டு. பல நாடுகளில் பழமைவாதக் கட்சி என்பது இருவர் சேர்ந்து குடித்தனம் நடத்தும் வீடு: மரபைப் போற்றுபவர் ஒருவர், தடையற்ற சந்தையைப் போற்றுபவர் இன்னொருவர். செயற்கை நுண்ணறிவு இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறது. 2025 கோடையில் அமெரிக்காவில் இது கண்முன்னே நடந்தது. மாநிலங்கள் செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று பத்தாண்டுகள் தடை விதிக்கும் பிரிவு ஒன்று, குடியரசுக் கட்சியின் மசோதாவிலேயே இருந்தது. அதே கட்சியின் டென்னசி செனட்டர் மார்ஷா பிளாக்பர்ன் அதை நீக்கும்படி திருத்தம் கொண்டுவந்தார். ஜூலை 1 அன்று 99க்கு 1 என்ற வாக்கில் பிரிவு நீக்கப்பட்டது. ஒருபக்கம், எதிரி நாடு முந்திவிடும், கையைக் கட்டாதீர்கள் என்ற குரல். மறுபக்கம், குழந்தைகளையும் கலைஞர்களையும் காக்கும் எங்கள் மாநிலச் சட்டத்தைத் தொடாதீர்கள் என்ற குரல். நாளைய கட்சி இந்த இரண்டாவது குரலிலிருந்தே பிறக்கக்கூடும்.

தயக்கம் என்றால் மறுப்பு அன்று என்பதற்கு அமெரிக்காவில் எளிய வாழ்வைக் கடைப்பிடிக்கும் கிறிஸ்தவர்களான ஆமிஷ் சமூகத்தைக் காட்டலாம். புதிய கருவி எது வந்தாலும் அவர்களுடைய சபைகள் கூடிப் பேசுகின்றன. இது நம்மை ஒருவரோடொருவர் சேர்க்குமா, பிரிக்குமா? தொலைபேசியை அவர்கள் முற்றாக விலக்கவில்லை. பல குடியிருப்புகளில் அதை வீட்டுக்குள் விடாமல், வெளியே சிறு கொட்டிலில் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். அவசரத்துக்கு உதவும், உணவு வேளையில் குறுக்கிடாது. அவர்கள் வாழ்க்கை எல்லோருக்கும் ஆகாது. ஆனால் கூடிப் பேசி முடிவெடுத்தார்களே, அது எந்த நாட்டுக்கும் ஆகும்.

இனி, எனக்கு உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். இயந்திரத்துக்கு முந்தைய காலம் நீதியின் பொற்காலம் அன்று. பெண் என்பதற்காகக் கடன் மறுத்தவர்களும், நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதியவர்களும் சதையும் ரத்தமும் கொண்ட மனிதர்கள். மனிதரே தீர்மானிக்கட்டும் என்ற முழக்கம், அந்தப் பழைய கதவுகளை மீண்டும் சாத்துவதற்கு வசதியான திரையாகிவிடலாம். கண் தெரியாதவருக்குக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டும் இயந்திரத்தையும், உதவித்தொகையை மறுக்கும் இயந்திரத்தையும் ஒரே கயிற்றில் கட்டுகிற கட்சி வேலியின் காரணத்தை யோசிக்கவில்லை, வேலியை வணங்குகிறது. இன்னொன்று: ஒழுங்கை விரும்பும் கட்சிகளுக்கு, தெருவில் போகும் முகங்களை அடையாளம் காணும் கேமராக்கள்மீது ஒரு சபலம் எப்போதும் உண்டு. தேர்தலில் இயந்திரத்தைச் சாடிவிட்டு, காவல் துறைக்கு மட்டும் அதை வாங்கிக் கொடுத்தால், அதுவரை பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று.

கடைசியாக, பணம். பழமைவாதிகள் சிறிய அரசை விரும்புகிறவர்கள். இயந்திரத்தைக் கண்காணிக்கவோ ஆள் வேண்டும். ஆலைக் குழந்தைகளுக்காக 1802லும் 1819லும் பிரிட்டன் சட்டம் போட்டது. போய்ப் பார்க்க ஆள் இல்லாததால் அவை பெரும்பாலும் ஏட்டோடு நின்றன. ஒன்பது வயதுக்குட்பட்டவர்களைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடுத்த 1833ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதன்முதலாகச் சம்பளத்துக்கு ஆய்வாளர்களை நியமித்தது. நாடு முழுவதற்கும் நான்கு பேர். ஆயிரக்கணக்கான ஆலைகள், நான்கு பேர். ஆனாலும் அந்த நால்வர் எழுதிய அறிக்கைகளே அடுத்தடுத்த சட்டங்களுக்கு உரமாயின. நம் கற்பனைக் கட்சியின் தேர்தல் அறிக்கை கையில் கிடைத்தால், முதல் பக்கத்து முழக்கத்தைத் தாண்டி, நான் நேராகச் செலவுக் கணக்கைப் புரட்டுவேன்: இயந்திரங்களின் முடிவுகளைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆய்வாளர்கள் எத்தனை பேர், அவர்கள் சம்பளத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று.